போகிற பெட்டியை மறித்தவர்

என்னுடைய 1980ஆம் ஆண்டுக் கொப்பியில் புரட்டாதி மாதம் மட்டும் ஆறு பக்கம் பிடித்திருக்கிறது. இடம் விட்டு விட்டு எழுதிய முப்பத்தெட்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் கிழமை, நேரம், அதன் பிறகு 'கிறவல், ஒரு பெட்டி, வந்தது' என்ற சொற்கள். முப்பத்தெட்டாவது வரியின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. அந்தக் கோட்டை என் கையாலேயே போட வைத்தவர், எங்கள் வீதியின் மூலையில் விறகுகாலை, அதாவது விறகுக்கடை, வைத்திருந்த அம்மா.

வவுனியாவிலிருந்து நெளுக்குளத்துக்குப் போகும் பாதையில் பிரிகிற ஒரு சிறு வீதி அது. நான் தபாற்கந்தோரில் எழுதுவினைஞன். மூலையிலிருந்து ஆறாவது வீட்டில் வாடகைக்கு இருந்தேன். குடிவந்தது 1979 வைகாசி, ஒரு திங்கட்கிழமை. அடுத்த நாளே அரை அந்தர், ஐம்பத்தாறு றாத்தல், விறகு வாங்கச் சாக்கோடு போனேன். அவர் விறகைத் தொடவில்லை. என் சாக்கை வாங்கி, இரண்டு தரம் உதறி, தராசில் கொழுவினார்.

"ரெண்டு றாத்தல். பாத்துக்கிட்டீங்களா ஐயா?"

"வெறுஞ்சாக்குத்தானே அம்மா? அதை ஏன் நிறுக்கிறியள்?"

"வெறுசைப் பாக்காம நெறைஞ்சதைப் பாத்து என்னாங்க தெரியும்?"

அதற்குப் பிறகுதான் விறகு ஏறியது. கடைசியில் தராசு முள் ஒரு மயிரிழை இந்தப் பக்கம் சாய்ந்தது. ஒரு கட்டையை எடுத்துக் கோடரியால் இரண்டாகப் பிளந்து, பாதியைச் சாக்கில் போட்டார், பாதியைக் குவியலுக்கே எறிந்தார். கொசுறாக ஒரு சுள்ளி வந்ததில்லை. குறைந்ததும் இல்லை.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில், குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்த பிறகு, கையில் ஒரு அண்டாவோடும் இந்தத் தராசோடும் வவுனியாவுக்கு வந்தவர். அண்டாவை ஏன் கொண்டுவந்தார் என்று விளங்கியது. தராசு ஏன் என்று நான் கேட்டபோது ஒரு கதை சொன்னார். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று நாலு றாத்தல் கழிப்பார்களாம், ஈரத்துக்கென்று இன்னும் இரண்டு. பதின்மூன்று வயதில் இவர் கணக்கப்பிள்ளையிடம், "கூடை நாலு றாத்தலாங்க ஐயா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டதற்கு அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாட் சம்பளம். இவர் வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்து, ரோட்டுக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு இருந்தது?"

"ஒண்ணே முக்கால் றாத்தல்."

நாற்பது வருடத்துக்கு முந்திய ஒன்றே முக்கால் றாத்தலை, காலையில் நிறுத்ததைப் போலச் சொன்னார். முதல் முதல் கையில் காசு சேர்ந்தபோது வாங்கியது தராசுதானாம். தாலிக்கொடிக்கு முன்பே.

பிள்ளையார் கோயிலுக்குப் புதிய உண்டியல் செய்தபோது, பூட்டுவதற்கு முன் அதைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னவர் இவர். ஐயர் மனம் நொந்து போனார். "பிள்ளையாரையே சந்தேகப்படுறா" என்றார். கவிழ்த்தபோது ஒரு பென்சில் துண்டும் அரைக்கட்டுப் பீடியும் விழுந்தன. தச்சர் ஒரு கிழமையாய்த் தேடிய பென்சில் அது. பஸ் வந்தால் எல்லாரும் ஏறத் துடிப்பார்கள், இவர் நின்று இறங்குகிறவர்களை எண்ணுவார். வீதியில் எல்லாரும் 'ஓம்' என்றால் இவர் மட்டும் கடைசி வரைக்கும் 'ஆமாங்க' என்றார். ஆனால் ஒரு விஷயத்துக்கு 'ஆமாங்க' வருவதற்குள் மற்றவர்கள் பத்து 'ஓம்' போட்டு முடித்திருப்பார்கள்.

இனி வீதிக்கு வருகிறேன்.

எங்கள் வீதி மாரியில் வாய்க்கால், கோடையில் புழுதி. எண்பதாம் ஆண்டு ஆனியில், கிறவல், அதாவது சரளை மண், பரவி, இரு பக்கமும் வடிகானும் சீமெந்து ஓரக்கட்டும் கட்டுவதென்று முடிவாயிற்று. பாதிச் செலவு அரசாங்கத்தினுடையது. மீதி வீட்டு முகப்பின் நீளத்துக்கு ஏற்றபடி எங்களுடையது. இதற்கென்று ஒரு சங்கம் அமைந்தது. தலைவர், இளைப்பாறிய ஸ்டேசன் மாஸ்டர். வீதியில் அவரை மாஸ்டர் என்போம். அவர் வீட்டு விறாந்தையில் கூட்டம் ஆறு மணிக்கென்றால் ஐந்து ஐம்பத்தெட்டுக்கு வந்தவரை வாசலில் நிற்பாட்டி வைப்பவர். செயலாளர் நான். எல்லாவற்றுக்கும் திகதி எழுதுகிறவன் என்ற பெயர் எனக்கு அதற்குள் வந்திருந்தது.

மாஸ்டர் மதிப்பீட்டை வாசித்தார். ஐம்பது பெட்டி கிறவல். பெட்டி என்றால் உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபடும் பெட்டி. வேலையைக் கொந்தராத்து, ஒப்பந்தம், எடுத்தவருக்குப் பெட்டிக் கணக்கில் காசு.

"ஐம்பது பெட்டியோ?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவர் எழும்பினார். "இந்த முடக்கு வீதிக்கோ மாஸ்டர்? ஐம்பது பெட்டி பறிச்சுக் கொட்டினால் ஆனையிறவுமட்டும் போடலாமே!"

"ஆனையிறவுக்கு மேல உப்பளம். அங்க நாங்கள் போடத் தேவையில்லை. இருங்கோ" என்றார் மாஸ்டர்.

"ஓரக்கட்டு எங்களுக்கு என்னத்துக்கு? மாடு ஏறி நிக்கவோ?" என்றார் இன்னொருவர்.

"வீதி எண்டா ஓரம் வேணும். பிளாட்போம் இல்லாமல் ஸ்டேசன் இருக்கோ?"

கேள்விகள் அடங்கின. பிறகு தீர்மானம்: பணம் கட்டாத வீட்டுக்கு ஓரக்கட்டில் வாசல் விடுவதில்லை. வாசற் படலைக்கு நேரேயும் கட்டு நெடுகப் போகும். கால்நடையாய்ப் போகிறவர் தாண்டலாம், சைக்கிளைத் தூக்கலாம். விறகு வண்டி என்ன செய்யும்? மூலைவீடு என்பதால் அம்மாவுக்கு இரண்டு பக்கம், இரண்டு பங்கு. விறகு வண்டிகள் வீதியை உழுகின்றன என்று மாஸ்டர் மூன்றாவது பங்கையும் சேர்த்தார். வண்டி உள்ளே வராவிட்டால் விறகுகாலை இல்லை. அவருடைய சோறு அந்தப் பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளிக்குள் கிடந்தது. அது அந்த விறாந்தையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம். அழுவார் அல்லது ஏசுவார் என்று நான் நினைத்தேன்.

"குடுக்க மாட்டேன்னு சொல்லலீங்க" என்றார். "ரெண்டுன்னாலும் குடுக்கிறேன், மூணுன்னாலும் குடுக்கிறேன். வெறும் பெட்டிய எப்ப காட்டுவீங்க?"

"வெறும் பெட்டியில என்ன அம்மா இருக்கு?"

"அதைத்தாங்க நானும் கேக்கிறேன்."

விறாந்தை சிரித்தது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். "செயலாளர், எழுதுங்கோ. கேள்வி பொருத்தமற்றது."

எழுதினேன். மாதம், கிழமை, நேரத்தோடு எழுதினேன்.

புரட்டாதியில் வேலை தொடங்கியது. நான் அந்த மாதம் லீவு எடுத்து, வீதியின் நடுவில் ஒரு கதிரை போட்டு, குடைக்குக் கீழே இருந்து பெட்டிகளை எழுதினேன். 'செவ்வாய், காலை ஏழு பத்து, வந்தது.' கூலியாட்கள் நால்வர் ஏறிச் சவளால் அள்ளிக் கொட்டுவார்கள். உழவு மெசின் திரும்பிப் போகும். நான் அடுத்த வரிக்கு நம்பர் போட்டு வைப்பேன். கொந்தராத்துக்காரர் வாய் நிறைய வெற்றிலையோடு வந்து என் கொப்பியை எட்டிப் பார்ப்பார்.

"ஐயா மாதிரி ஆக்கள் எழுதினால் எனக்குப் பயமில்லை. நேரமெல்லாம் போட்டிருக்கு. வழக்கெண்டால் கோட்டுக்கே கொண்டு போகலாம்" என்பார்.

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இருபத்தைந்து வருடமாகச் சரித்திர நூல்களை வாசிப்பவன் நான். என்னுடைய கொப்பியும் அந்த இனத்தைச் சேர்ந்தது என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் சரிதான் என்று பிறகு தெரிந்தது. அந்த நூல்களிலும் மன்னன் படையெடுத்து வந்த ஆண்டு இருக்கும், திரும்பிப் போன ஆண்டு பெரும்பாலும் இராது.

ஓரக்கட்டு வீதியின் அந்தத் தொங்கல் முனையிலிருந்து மூலையை நோக்கி வந்துகொண்டிருந்தது. பணம் கட்டிய வீடுகளுக்கு வாசல் விட்டு, கட்டாத இரண்டு வீடுகளுக்கு விடாமல் வந்தது. அதில் ஒரு வீட்டுக்காரர் அடுத்த நாளே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து பணத்தைக் கட்டினார். ஓரக்கட்டை உடைத்து வாசல் விட்டோம். மூலைக்குச் சனிக்கிழமை வந்து சேரும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் அம்மாவிடம் போனேன்.

"அம்மா, நாளைக்கு மேசன் இங்க வந்திடுவான். ஒரு பங்கையாவது கட்டிவிடுங்கோ. நான் மாஸ்டரோட கதைக்கிறன்."

அவர் தராசுத் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, வெறும் வண்டி போறப்ப எப்படிச் சத்தம் போடும்?"

"கடகடவெண்டு போடும்."

"ஆமாங்க. பலகையெல்லாம் ஆடும். நான் நாளெல்லாம் வண்டி பாக்கிறவ. இந்தப் பெட்டி வரப்பவும் சத்தமில்ல, போறப்பவும் சத்தமில்ல. போற டயரைப் பாருங்க, வெறும் பெட்டி டயரு அப்படி அமுங்காதுங்க."

நான் மெசினின் டயரை ஒரு நாளும் பார்த்ததில்லை. மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு முப்பத்தெட்டாவது பெட்டி வந்தது. எழுதினேன். கூலியாட்கள் அள்ளிக் கொட்டி இறங்கினார்கள். மெசின் திரும்பி மூலைக்குப் போனது. அங்கே ஒரு விறகு வண்டி வீதிக்குக் குறுக்கே நின்றது. மாடுகளை அவிழ்த்து வேலியில் கட்டியிருந்தார்கள். நுகத்தடியில் அம்மா இருந்தார், மடியில் வெற்றிலைப் பெட்டியோடு.

சாரதி இறங்கினான். "என்ன அம்மா, ஏன் மறிக்கிறியள்? வெறும் பெட்டியை மறிச்சு என்ன காணப் போறியள்?"

"நெறைஞ்ச பெட்டி வரப்ப நான் மறிச்சேனா தம்பி? வெறும் பெட்டின்னா சும்மா கொஞ்சம் நிக்கட்டுமே."

சனம் கூடியது. மாஸ்டர் கையில் மணிக்கூட்டோடு வந்தார். கொந்தராத்துக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். மேசன், சாந்துச் சட்டியை அவருடைய படலைக்கு நேரே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான்.

அம்மா என்னைத்தான் கூப்பிட்டார். "தபால் ஐயா, இந்தப் பெட்டி உங்க கொப்பியில இருக்குங்களா?"

"ஓம். முப்பத்தெட்டு. ஒன்பது இருபது. வந்தது."

"போனது?"

"போனதை என்னத்துக்கு அம்மா எழுதிறது?"

"அப்ப ஏறிப் பாருங்க."

பெட்டியின் பக்கப் பலகை என் தோளளவு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டயரில் கால் வைத்து ஏறினேன். எட்டிப் பார்த்தேன்.

பெட்டியின் அடி தெரியவில்லை. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகக் கிறவல், மழையிலும் வெயிலிலும் இறுகி, சிமெந்து போலக் கிடந்தது. மேலே சவள் வழித்த கோடுகள். புதுக் கிறவல் எட்டாத முன் மூலையில், சாரதி எப்போதோ சோற்றுப் பார்சலை உதறிய இடத்தில், ஒரு பூசணிக் கன்று நாலு இலை விட்டு நின்றது.

"என்ன ஐயா கிடக்கு?" என்று கீழேயிருந்து குரல்கள்.

"பூசணி" என்றேன்.

மாஸ்டரும் ஏறினார். தடியை விட்டு ஆழம் பார்த்தார், பலகையின் உயரத்தைச் சாணால் அளந்தார். மூன்றில் ஒரு பங்கு. இறங்கும்போது அவருடைய முகம், ரயில் தவறிய பயணியின் முகம் போல இருந்தது.

"அது பாரத்துக்கு மாஸ்டர்" என்றார் கொந்தராத்துக்காரர். "அடியில கொஞ்சம் கிடந்தால்தான் பெட்டி குதியாது. எல்லாரும் அப்பிடித்தான் விடுறது."

"கொஞ்சமோ? அதில தோட்டமே செய்யலாம் போல கிடக்கு!" என்றார் மாஸ்டர். "முப்பத்தெட்டுத் தரம் இந்தக் கிறவல் எங்கட வீதிக்கு வந்து, இறங்காமல் திரும்பிப் போயிருக்கு. றிட்டேண் டிக்கெட்! அதுக்கு நாங்கள் காசு!"

ஸ்டேசன் மாஸ்டராய் இருந்த முப்பது வருடத்தில் அவர் பகிடி விட்டதாக யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு வீதி அரை மணித்தியாலம் சிரித்தது. கொந்தராத்துக்காரரும் கடைசியில் சிரித்தார், வேறு வழியில்லை.

நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். முப்பத்தெட்டு வரியில் பன்னிரண்டு வரி பொய் என்று தெரியும். எந்தப் பன்னிரண்டு என்று தெரியாது. ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சம் பொய். அப்படிப்பட்ட பொய்யை எப்படி வெட்டுவது? கீழே ஒரு கோடு போட்டேன். அம்மா அதை எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

"பேனைக்கு ரெண்டு நெறம் இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பெட்டியைக் காலியாக்கினால்தான் வண்டியை எடுப்பேன் என்றார். கூலியாட்கள் அலவாங்குக் கடப்பாரை கொண்டு இடித்தார்கள். கட்டி கட்டியாக உடைந்ததை அந்த இடத்திலேயே, அவருடைய படலைக்கு முன்னால் தள்ளினார்கள். பூசணிக் கன்றை அவர் வேரோடு எடுத்து வேலியோரம் வைத்தார். பிறகு சாரதியிடம், "இப்ப ஓட்டிக் காட்டு தம்பி" என்றார். பெட்டி கடகடவென்று ஆடிக்கொண்டு போனது. நெளுக்குளப் பாதையில் மறையும் வரை அந்தச் சத்தத்தை நாங்கள் எல்லாரும் நின்று கேட்டோம், ஏதோ நாதஸ்வரம் போகிறது போல.

குறைந்த பன்னிரண்டு பெட்டியைக் கொந்தராத்துக்காரர் இலவசமாகக் கொண்டுவர ஒத்துக்கொண்டார். மாஸ்டர் மூன்றாவது பங்கைத் தானாகவே வெட்டினார். அம்மா இரண்டு பங்கையும் அன்று பின்னேரமே கட்டினார், எண்ணி, திரும்ப எண்ணி.

ஞாயிற்றுக்கிழமை வாசல் விடுகிற வேலை. மாஸ்டர் இந்த முறை ஆயத்தமாக வந்தார். எங்கிருந்தோ ஒரு வெறும் மாட்டு வண்டியைக் கொண்டுவந்து படலையில் நிறுத்தி, மேசனை அளக்கச் சொன்னார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், எப்படி என்பது போல.

"பார்த்தியளோ அம்மா? வெறுசை வைச்சுத்தான் அளக்கிறம். ஏழடி. அதுக்கு மேல ஓரடி விடுறம். எட்டடி."

அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முதல்முறையாக அவர் சிரித்து நான் கண்டேன்.

"அய்யோ மாஸ்டர் ஐயா, வெறும் வண்டி எங்க வீட்டுக்கு எதுக்குங்க வருது? வெறகோட வர்ற வண்டிக்கு ரெண்டு பக்கமும் கட்டை நீட்டிக்கிட்டு இருக்குமே!"

படலைக்குள் நின்ற விறகு வண்டியைக் காட்டினார். சில்லுக்கு வெளியே இரண்டு பக்கமும் பாலைக் கட்டைகள் கை நீட்டிக்கொண்டு நின்றன. அளந்தோம். பதினொன்றரை. மாஸ்டர் மேசனுக்குப் பன்னிரண்டு விரலைக் காட்டினார், கை இரண்டையும் விரித்து, மறுபடி இரண்டு.

"எப்ப வெறுசு, எப்ப நிறைவு எண்டு இவவிட்டக் கேட்டுத்தான் இனிச் சங்கம் நடத்த வேணும்" என்று வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் சொன்னார். நான் அதை எழுதினேன். 'பொருத்தமற்றது' என்ற வரியையும் வெட்டினேன், சிவப்பில்.

பூசணி தையில் காய்த்தது. முதற்காயை அம்மா மூன்றாக வெட்டி, சங்கத்துக் கிறவலில் முளைத்தது என்று சொல்லி, மாஸ்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று அனுப்பினார். மூன்றும் ஒரே நிறை என்று நான் சந்தேகமில்லாமல் நம்பினேன். கிறவல் இரண்டு மாரியில் கரைந்து கானுக்குள் போனது. அவருடைய படலைக்கு முன்னால் இடித்துத் தள்ளிய அந்தப் பழங்கட்டிகள் மட்டும் இறுகி, வண்டி ஏற ஏற இன்னும் இறுகி, அப்படியே கிடந்தன. எங்கள் வீதியில் நல்ல வீதி அந்தப் பன்னிரண்டு அடிதான்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என் கொப்பிகளில் இரண்டு நிரல் உண்டு, வந்தது, போனது. விருந்தாளிகள், கடிதங்கள், மழை எல்லாவற்றுக்கும். வீட்டில் இதைப் பார்த்து, "மழை எங்க போறது?" என்று மனைவி கேட்பார்.

1984இல் முல்லைத்தீவுக்கு மாற்றம் வந்தது. காலங்கெட்ட நேரம். ஒரு லொறியில் சாமான் ஏற்றி, அவசரமாகப் புறப்பட்டோம். இடையில் நடந்தவை பல. அவற்றுக்கு வேறு கொப்பிகள் இருக்கின்றன. 1989 ஆனியில், ஒரு புதன்கிழமை, ஓய்வூதியப் பத்திரம் ஒன்றுக்காக வவுனியாவுக்கு வந்தவன், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அந்த வீதிக்கு நடந்தேன். ஓரக்கட்டு பல இடங்களில் உடைந்து கிடந்தது. மாஸ்டர் காலமாகிவிட்டார் என்று வழியில் அறிந்தேன். மூலைக்கு வந்தபோது ஒரு விறகு வண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. பாலைக் கட்டைகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. ஓரக்கட்டில் முட்டாமல், இந்தப் பக்கம் கால் அடி, அந்தப் பக்கம் கால் அடி விட்டு, வண்டி படலைக்குள் நுழைந்தது.

பின்னாலேயே நானும் போனேன். அவர் தராசின் பக்கத்தில் இருந்தார். தலை நரைத்து, இன்னும் சிறிதாகி.

"வாங்க தபால் ஐயா. வந்த நேரத்தை எழுதிட்டீங்களா?"

"பத்து நாற்பது அம்மா."

"போனதை?"

"போகும்போது எழுதுவன்."

"இன்னைக்குப் போறதைக் கேக்கலீங்க. அன்னைக்குப் போனீங்களே, அதை எழுதினீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். எழுதவில்லை. கொப்பிகள் பெட்டிக்குள், பெட்டி லொறியில். அந்த வீதியை விட்டுப் போன நாள் என்னிடம் இல்லை. பிறகு பல தடவை நினைவிலிருந்து எழுத முயன்று, மாதத்திலேயே சறுக்கியிருக்கிறேன்.

"மாசி மாசம், வெள்ளிக்கிழமை" என்றார் அவர். "கோயில்ல மணி அடிச்சுக் கொஞ்ச நேரம். லொறி மூலையில திரும்புறப்ப ஒங்க வீட்டு அம்மா எறங்கி ஓடிவந்து, குசினிச் சட்டிய கட்டுறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு வாங்கிட்டுப் போனாங்க. எங்க சாக்கு."

நான் கையிலிருந்த கொப்பியை எடுத்து, ஐந்து வருடமாய் விடுபட்டுக் கிடந்த வரியை அதில் எழுதினேன். மாசி, வெள்ளி, காலைப் பூசைக்குப் பிறகு, போனது.

நான் எழுதி முடிக்கும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தராசுத் தட்டைக் கையால் துடைத்தார்.

"ஒண்ணே முக்கால் றாத்தல் சாக்குங்க" என்றார். "அதையும் எழுதிக்கிங்க."